விடக் கூடாத தையல்

ராஜவேலுவின் மூன்று கார்களைப் பற்றிப் பொன்னேரியில் ஆளுக்கொரு அபிப்பிராயம் இருந்தது. மூன்றும் ஒரே கம்பெனி, மூன்றும் இரண்டு பேர் மட்டும் உட்காரும் பந்தயக் கார்கள், மூன்றும் ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரர்களிடம் வாங்கியவை. அரிசி மில் சம்பாதிப்பதை இந்தப் பிள்ளை பெட்ரோலாக ஊற்றுகிறதே என்று சிலர் சொன்னார்கள். சோழவரத்தில் பந்தயம் நடக்கும் நாளில் அவர்களே முதல் ஆளாகப் போய் வேலிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வெளியே மினுக்குகிற பெயிண்டும் வயிற்றைக் கலக்குகிற சத்தமும் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கார்களின் சீட்டுக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தவள் செங்கம்மாள் ஒருத்திதான்.

செங்கம்மாள் காரனோடையில் கல்கத்தா ரோட்டோரமாக ஒரு கொட்டகையில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்துக்கொண்டிருந்தாள். பிறந்தது பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்தில். அவளுடைய நைனா படகுகளுக்குப் பாய் தைத்தவர். புருஷன் நாகமுத்துவும் அதே குப்பத்துக்காரன்தான். மீன்பிடித் தொழில் ஒத்துக்கொள்ளாமல் லாரி செட்டில் மூட்டை தூக்க வந்தவன். கூடவே வந்த செங்கம்மாள் சும்மா உட்கார்ந்திருக்கத் தெரியாதவளாக இருந்தாள். ஒரு நாள் ஒரு டிரைவர் கிழிந்த தார்ப்பாயை விரித்துப் போட்டுவிட்டுத் தையல்காரனைத் தேடிப் போனான். அவன் வருவதற்குள் பாதியைத் தைத்து முடித்திருந்தாள். அதிலிருந்து அதுவே தொழிலாகிவிட்டது.

படகுப் பாய்க்கும் லாரித் தார்ப்பாய்க்கும் அவளிடம் நியாயம் ஒன்றுதான். காற்று மிஞ்சினால் தையல் விட வேண்டும், துணி கிழியக் கூடாது. துணியைவிட நூல் பலமாக இருந்தால், உதறுகிற காற்றுக்குத் துணி குறுக்கே கிழிந்துவிடும். பாயும் போச்சு, படகும் கவிழ்ந்தது. நூல் ஒரு மாற்றுக் குறைவாக இருந்தால் தையல் மட்டும் பிரியும், காற்று அந்த வழியாகப் போய்விடும், கரைக்கு வந்து தைத்துக்கொள்ளலாம். அதனால் மெழுகு தேய்த்த பருத்தி நூல்தான் அவள் கைக்கு. விரல் அகலத்துக்கு நாலு தையல். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. நனைந்தால் பருத்தி நூல் ஊறி ஊசி ஓட்டையை அடைத்துக்கொள்ளும் என்பது மேல் லாபம். கூடூர், நெல்லூர் லாரிக்காரர்கள்கூட, செங்கம்மா தையல் என்றால் மழைக்குக் கவலையில்லை என்றார்கள்.

தையல் விஷயத்தில் அவளுக்கு ஓர் அரிப்பு உண்டு. பஸ்ஸில் உட்கார்ந்தால் சீட்டின் விளிம்புத் தையலை நிமிண்டிப் பார்ப்பாள். கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரத்தில் சாமியானாவின் மூட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பாள். "உங்கம்மா உன்ன பெத்தாளா, தச்சாளா?" என்பான் நாகமுத்து.

அறுபத்திரண்டாம் வருஷம் அந்தக் கொட்டகைக்கு முதல் கார் வந்தது. ராஜவேலு அப்போது இருபத்தைந்து வயதுப் பிள்ளை. கூட வந்தவர் செங்குன்றம் மெக்கானிக் தாவீது. பட்டணத்தில் ஒரு வெள்ளைக்காரன் ஒர்க் ஷாப்பில் இருந்தவர், ஊரில் உள்ள அத்தனை இரும்பைப் பற்றியும் தீர்ப்பு வைத்திருப்பவர். கார் நாற்பத்தெட்டாம் வருஷ மாடல். மேலே மடக்குகிற துணிக் கூரை நைந்துபோயிருந்தது. தார்ப்பாய் தைக்கிறவளால் இதைத் தைக்க முடியுமா என்று ராஜவேலு இழுத்தார். செங்கம்மாள் கூரையைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

பிரிக்க இரண்டு நாள் ஆயிற்று. கூரையின் மரச் சட்டத்தில் அடித்திருந்த ஒவ்வொரு செம்பு ஆணியும் அடுத்த ஆணிக்கு ஒரே தூரத்தில் இருந்தது. துணிக்கு அடியில் இன்னொரு துணி, அதற்கும் ஓரம் மடித்துத் தைத்திருந்தது. சீட்டைக் கழற்றிக் கவிழ்த்தால் தோலுக்கு அடியில் குதிரை மயிர், அதற்கும் அடியில் நார். யார் கண்ணும் படாத இடத்திலும் தையல் எறும்பு வரிசை போலப் போயிற்று. ஒரு ஆணியாவது கோணலாக இருக்காதா என்று அவள் தேடினாள். இல்லை. அடிப்பலகையில் சாக்கட்டியால் ஏதோ இங்கிலீஷில் கிறுக்கியிருந்தது. தாவீது தலையைச் சாய்த்துப் படித்தார். ஐவி என்று ஒரு பொம்பளை பேர் போட்டிருக்கிறது, தைத்தவளாக இருக்கும் என்றார்.

நாத்தனார் வீட்டு அடுப்படியைப் பார்த்துவிட்டு வந்தவள் போலச் செங்கம்மாள் இரண்டு நாள் எரிச்சலாக இருந்தாள். பிறகு அந்தக் கூரையை மூன்று தடவை தைத்துப் பிரித்து நாலாவது தடவை தைத்ததை அப்படியே விட்டாள். தாவீது விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது காரு இல்ல செங்கம்மா, தேக்குக் கட்டிலு. பேரப்புள்ள காலத்துக்கும் வரும். நீ தச்சதும் வரும்" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவது அபூர்வம். ஆறு மாதம் மில் கிடங்கில் தூங்கினாலும் அந்தக் கார் கைப்பிடியின் ஒரே சுற்றுக்கு எழுந்துகொண்டது.

இரண்டாவது கார் அறுபத்தாறில் வந்தது, ஐம்பத்தேழு மாடல். தோல் போய் ரெக்சின் வந்திருந்தது. வெளித் தையல் நேராக இருந்தது. உள்ளே கையை விட்டால் அளந்து வெட்டாத துணி, பசை போட்டு ஒட்டிய ஓரம். சாக்கட்டிப் பெயர் இல்லை; ரப்பர் முத்திரையில் ஒரு நம்பர் மட்டும். பார்க்கிற இடத்தில் பட்டு, பார்க்காத இடத்தில் கந்தல் என்று செங்கம்மாள் நினைத்துக்கொண்டாள். ஆனாலும் அவளுக்கு அந்தக் காரோடு பகை இல்லை. அவளும் பண்டிகைக்கு முன்வாசலை மட்டும் மெழுகுகிறவள்தான். கார் ஓடும்போது நன்றாக ஓடியது. நிற்கும்போது ஏன் நின்றது என்று சொல்லாமல் நின்றது.

மூன்றாவது எழுபத்தொன்றின் கடைசியில் வந்தது. அறுபத்தெட்டு மாடல், சிவப்பு, அதுவரை பார்த்ததில் அழகானது. சீட்டை அமுக்கினால் நுரைப் பஞ்சு மஞ்சள் தூளாக உதிர்ந்தது. ஆணிக்குப் பதில் காகிதத்துக்குக் குத்துகிற மாதிரிக் கம்பி. தாவீதுக்குத் தலைகால் புரியாத கோபம். மாடல் ஏற ஏற மானம் இறங்குகிறது என்றார். முதல் காரில் மூன்று ஒயர், இதில் முந்நூறு ஒயர், தினம் ஒன்றுக்குச் சளி பிடிக்கிறது என்றார். எல்லாவற்றையும்விட ஸ்டியரிங் தண்டுதான் அவர் மனதை உடைத்தது. எதிலாவது மோதினால் அது உள்ளுக்குள் மடங்கிக்கொள்ளும்படி செய்திருந்தார்கள்.

"மடங்கறதுக்கு எதுக்குப்பா இரும்பு? வாழத்தண்டு வெச்சுக்கினு போலாமே" என்றார்.

செங்கம்மாள் சிரித்தாள். அது மடங்காவிட்டால் ஓட்டுகிறவன் நெஞ்சில் அல்லவா ஏறும், பாய்த்தையல் விடுகிற மாதிரிதான் இதுவும் என்றாள். காரும் படகும் ஒன்றா என்று தாவீது முறைத்துவிட்டுப் போனார். அவளுக்கு அந்த நியாயம் உடனே புரிந்துவிட்டது. அதே வாரத்தில் அதற்கு எதிர் நியாயம் ஒன்று கைக்கு வந்தபோது புரியவில்லை.

அது பெல்ட். முதல் இரண்டு கார்களிலும் அப்படி ஒன்று கிடையாது. சிவப்புக் காரில் இடுப்போடு கட்டிக்கொள்ள இரண்டு சீட்டுக்கும் நாடா வைத்திருந்தார்கள். கார் மில் கிடங்கில் இருந்த ஒரு மாதத்தில் எலிகள் நெல்லை விட்டுவிட்டு நாடாவைத் தின்றிருந்தன. பூட்டும் தரையில் முடுக்குகிற இரும்பு வளையமும் பாக்கி. பந்தயத்தில் இந்தத் தடவை பெல்ட் இல்லாமல் யாரையும் விட மாட்டார்களாம். ராஜவேலு மூர் மார்க்கெட்டில் மிலிட்டரிச் சாமான் விற்கிறவனிடம் ஆகாயத்திலிருந்து குதிக்கிறவர்கள் கட்டிக்கொள்ளும் நைலான் நாடாவை வாங்கிவந்து கொடுத்தார். அவருக்கும் அவசரம்தான். பிடித்துக்கொள்ள ஒன்று இருந்தால்தான் இந்த வண்டியில் ஏறுவேன் என்று அவர் மனைவி சந்திரகலா சொல்லியிருந்தாள்.

செங்கம்மாள் இரண்டு பெல்ட்டையும் ஒரே பகலில் தைத்தாள். நாடாவை வளையத்தில் கோத்து மடித்து, மெழுகு தேய்த்த பருத்தி நூலால், விரல் அகலத்துக்கு நாலு தையலாக. அவ்வளவு நேராக வந்திருந்தது, ஐவி பார்த்தால் ஒன்றும் சொல்ல முடியாது என்று நினைத்தாள்.

எழுபத்திரண்டு பிப்ரவரியில், பந்தயத்து ஞாயிற்றுக்கிழமை காலையில், சின்னதுரை என்ற கூடூர் லாரி டிரைவர் கொட்டகை முன்னால் தார்ப்பாயை இறக்கினான். சோழவரம் அங்கிருந்து மூன்று மைல். பழைய விமானத் தளத்திலிருந்து எஞ்சின்களின் ஓலம் காற்றில் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. சூலூர்ப்பேட்டைக்கு இப்பால் சுழற்காற்றில் மாட்டிக்கொண்டேன் என்றான் சின்னதுரை. தார்ப்பாயின் நடு மூட்டு ஒரு ஆள் நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. அவன் முகத்தில் குறையே இல்லை.

"தையலு மட்டும் உட்டுச்சுக்கா. துணிக்கு ஒண்ணும் ஆவல. அதான் செங்கம்மாக்கா கை" என்றான்.

அவள் குனிந்து பார்த்தாள். நூல் ஒவ்வொரு தையலிலும் சுத்தமாக அறுந்திருந்தது. ஓட்டைகள் கிழியாமல் வட்டமாகவே இருந்தன. தொழில் சரியாக நடந்திருக்கிறது. அந்தச் சந்தோஷம் தொண்டைக்கு வருவதற்குள் சோழவரத்துப் பக்கமிருந்து ஓலம் மறுபடி வந்தது. அவள் கை தார்ப்பாயின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

தையல் விட்டால் துணி பிழைக்கும். நாடாவில் யார் பிழைக்க வேண்டும்?

சின்னதுரை இன்னும் பேசிக்கொண்டிருந்தான். அவள் உள்ளே போனாள், வெளியே வந்தாள், மறுபடி உள்ளே போனாள். வலை பின்னுவதற்காக அவள் தம்பி கொடுத்துவிட்டுப் போன நைலான் நூல் கண்டு பரண்மேல் இருந்தது. அதையும் கோணி ஊசியையும், ஊசியை அழுத்த உள்ளங்கையில் மாட்டிக்கொள்ளும் தோலையும், கத்தரியையும் முந்தானையில் முடிந்துகொண்டாள். நாகமுத்து நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எங்கே என்று கேட்டான். தப்பு பண்ணிட்டேன் என்று மட்டும் சொன்னாள். என்ன தப்பு என்று அவன் கேட்டபோது அவள் ரோட்டில் இருந்தாள்.

பட்டணத்திலிருந்து பந்தயம் பார்க்க வந்த பஸ்ஸும் ஸ்கூட்டரும் ரோட்டை அடைத்திருந்தன. ஏறினால் நிற்க வேண்டும், நின்றால் பைத்தியம் பிடிக்கும். நடந்தாள், ஓடினாள், மூச்சு வாங்கி நடந்தாள். ஓலம் நின்றபோது என்ன ஆயிற்றோ என்று பயந்தாள். கேட்டபோது இந்தச் சுற்றில் என்ன ஆகுமோ என்று பயந்தாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு புத்தி, ஒன்றும் ஆகாது, உன் தையல் இத்தனை வருஷமாக விட்டதில்லையே என்றது. விட்டிருக்கிறது என்று அவளே அதற்குப் பதில் சொன்னாள். விட வேண்டிய இடத்திலெல்லாம் விட்டிருக்கிறது.

தளத்து வாசலில் சட்டையில் ரிப்பன் குத்திய ஒருவர் கையை நீட்டித் தடுத்தார். டிக்கெட் கேட்டார். பதினேழாம் நம்பர் காரின் தையல்காரி என்றாள். மெக்கானிக் என்று சொன்னால் என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியும். தையல்காரிக்கு என்ன சட்டம் என்று அவர் யோசிக்கும்போதே அவள் கயிற்றுக்கு அடியில் நுழைந்துவிட்டாள்.

சிவப்புக் கார் ஒரு குடைத் துணிக்கு அடியில் நின்றது. ராஜவேலு சோடா குடித்துக்கொண்டிருந்தார். காலைப் பந்தயம் முடிந்துவிட்டது. அந்த பெல்ட்டைக் கட்டிக்கொண்டே ஓட்டி மூன்றாவதாக வந்திருக்கிறார். மத்தியானப் பெரிய பந்தயத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம். இரண்டாவது வரிசையில் இடம். இடது சீட்டைக் கனம் குறைக்கக் கழற்றி மில்லிலேயே போட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

செங்கம்மாள் விஷயத்தைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது உளறலாகக் கேட்டது. பாய், படகு, காற்று, நூல் ஒரு மாற்றுக் குறைவு. சுற்றி நின்ற பட்டணத்து ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தாவீது காருக்குள் குனிந்து பெல்ட்டை முறுக்கிப் பிடித்து, இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டு, மூன்று பேருமாகக் காலை உதைத்து இழுத்தார்கள். கார் அசைந்தது, தையல் அசையவில்லை.

"யானைய கட்டலாம் இதுல. சும்மா பேஜாரு பண்ணாத, போய் நெழல்ல உக்காரு" என்றார் தாவீது.

"இழுக்கறது வேற அண்ணே, உதறுறது வேற" என்றாள் செங்கம்மாள். "காத்து இழுக்காது. உதறும்."

ராஜவேலு சோடா பாட்டிலைக் கீழே வைத்தார். நல்ல மனிதர், கத்தவில்லை. இந்த ஒரு பந்தயம் முடியட்டும், நாளைக்கு மில்லுக்கு வந்து எப்படி வேண்டுமோ அப்படித் தைத்துக்கொள் என்றார். பத்து வருஷமாக இந்த இடத்தில் இப்படி ஒரு வரிசை தனக்குக் கிடைத்ததில்லை என்றார். சொல்லிவிட்டு ஹெல்மெட்டை எடுக்கத் திரும்பினார்.

அவள் யாரிடமும் கேட்கவில்லை. காருக்குள் கையை விட்டு, மடித்த நாடாவின் நடுவில் கத்தரியை நுழைத்து, ஒரு வரிசையை அறுத்தாள். பிறகு அடுத்ததை. தரை வளையங்கள் இரண்டு, பூட்டு ஒன்று என மூன்று இடத்துத் தையலையும் அறுத்துவிட்டு நிமிர்ந்தாள். பூட்டு தரையில் விழுந்தது.

"செங்கம்மா, உன் தையல்ல கொறையே கெடையாதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தேன்" என்றார் ராஜவேலு.

"கொற இல்ல மொதலாளி. தப்பான எடத்துல சரியா தச்சுட்டேன்."

கார் நிழலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஊசியில் நைலான் நூலைக் கோத்தாள். நைலான் வழுக்கும், முடிச்சு நிற்காது. நெருப்புக் குச்சியால் நுனியைச் சுட்டு உருண்டையாக்கினாள். கட்டம் கட்டமாகத் தைத்து, கட்டத்துக்குள் குறுக்கே பெருக்கல் போட்டு, மேலே இன்னொரு வரிசை. உள்ளங்கைத் தோலையும் மீறி ஊசியின் பின்புறம் குத்தியது. நாடா இரண்டு மடிப்பில் ஆணிபோல இறுகியிருந்தது. தாவீது தலைமாட்டில் நின்று நிமிஷம் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் இடம் முடிந்தபோது கார்களை வரிசைக்குக் கூப்பிட்டார்கள். இரண்டாவது முடிந்தபோது ராஜவேலுவின் இடத்தில் இன்னொரு காரைத் தள்ளி நிறுத்தினார்கள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். மூன்றாவது முடிந்து நூலைச் சுட்டபோது, கொடி ஆட்டுவதற்குச் சற்று முன்னால், எல்லோருக்கும் கடைசியில் போய் நிற்க விட்டார்கள்.

செங்கம்மாள் வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் போய் நின்றாள். முதல் சுற்றில் சிவப்புக் கார் நாலு பேரைத் தாண்டியது. அடுத்ததில் இரண்டு. திருப்பத்தில் அது பக்கவாட்டில் சறுக்கும்போதெல்லாம் அவள் விரல்கள் தானாக எதையோ இறுக்கின. ஐந்தாவது சுற்றில் முன்பக்கத்திலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. கார் ஓரம் கட்டி நின்றது. தண்ணீர்க் குழாய் பிளந்துவிட்டது. ராஜவேலு பெல்ட்டைக் கழற்றி இறங்கி, ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, வெயிலில் தனியாக நடந்து வந்தார். அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். போனார். தலையைத் திருப்பவில்லை.

தாவீது மட்டும் நின்றார். "பெல்ட்டு நிக்குது, வண்டிதான் உட்டுது. அந்தத் தேக்குக் கட்டில எட்தாந்திருந்தா இந்நேரம் கடைசி சுத்து போய்க்கினு இருக்கும்" என்றார். அது ஆறுதலா திட்டா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

திங்கட்கிழமை விடிந்தபோது செங்கம்மா தையல் விட்டுவிட்டதாம் என்று லாரி செட்டு வரை பேச்சு வந்திருந்தது. பந்தயத்துக்கு நடுவில் நாடா அறுந்து மில் முதலாளி மயிரிழையில் தப்பித்தார் என்று ஒருவன் சொன்னதாக நாகமுத்து வந்து சொன்னான். அதைவிட அவளை வாட்டியது வேறு. ஒன்றுமே ஆகவில்லையே. பருத்தி நூலோடு ஓடியிருந்தாலும் அந்தக் குழாய் பிளந்து அதே இடத்தில்தான் நின்றிருக்கும். அப்படியானால் அந்த மனிதரின் பத்து வருஷத்து இடத்தை அவள் வெறும் பயத்துக்காகவா அறுத்துப் போட்டாள்? சோறு பொங்க உட்கார்ந்தாள், எழுந்தாள். சின்னதுரையின் தார்ப்பாயை எடுத்தாள், நாலு தையல் போட்டாள், மடித்து வைத்தாள்.

பிறகு மிச்சமிருந்த நைலான் நாடாவை எடுத்து ஒரு இரும்பு வளையத்தில் கோத்து, அதே மெழுகு தேய்த்த பருத்தி நூலால், விரல் அகலத்துக்கு நாலு தையலாக, அன்றைக்குத் தைத்தது போலவே தைத்தாள். மோசமாகத் தைத்துவிட்டு ஜெயிக்கக் கூடாது என்று ஒவ்வொரு தையலையும் எண்ணினாள். அதை எடுத்துக்கொண்டு லாரி செட்டுக்குப் போனாள்.

அங்கே எடை கட்டித் தொங்கவிடும் உத்தரம் ஒன்று உண்டு. வளையத்தை அதில் மாட்டி, நாடாவின் மறுநுனியில் நூறு கிலோ அரிசி மூட்டையைக் கட்டச் சொன்னாள். வேலையற்ற வேலை என்று சொல்லிக்கொண்டே நாகமுத்துவும் இன்னும் மூன்று பேரும் கட்டினார்கள். மூட்டை தொங்கியது. மெதுவாகச் சுற்றியது. ஒன்றும் ஆகவில்லை. ஒருவன் போய் மூட்டைமேல் ஏறி ஊஞ்சல் ஆடினான். தையல் அசையாமல் நின்றது.

"இன்னாமே, ஊரையே கலக்கிட்டு வந்தியே" என்றான் நாகமுத்து. மற்றவர்கள் எதிரில் அவனுக்கு வெட்கமாக இருந்தது.

மூட்டையை இரண்டு அடி தூக்கிப் பிடித்து ஒரே நேரத்தில் கையை விடச் சொன்னாள்.

நாலு பேரும் தூக்கினார்கள், விட்டார்கள். தேங்காய் உடைத்த மாதிரி ஒரு சத்தம். மூட்டை தரையில் விழுந்து வாய் பிளந்து அரிசி கொட்டியது. நாடா உத்தரத்திலிருந்து நழுவி நாகமுத்துவின் காலடியில் விழுந்தது. அவன் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். லாரி செட்டில் இத்தனை வருஷம் வேலை பார்த்தவனுக்கு வாயில் அந்த வார்த்தைதான் வந்தது.

"துணிக்கு ஒண்ணும் ஆவல" என்றான்.

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. நாடாவைக் கீழே போட்டான். சிதறிய அரிசியைக் கூட்ட ஒருவரும் குனியவில்லை.

செங்கம்மாளுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இறங்கின வேகத்தில் இன்னொன்று ஏறியது. தான் தைத்தது இரண்டு பெல்ட். அறுத்தது ஒன்று. இடது சீட்டும் அதன் பெல்ட்டும் மில்லில் கிடக்கின்றன. நாளைக்கு அமாவாசை. மில்காரர் வீட்டில் அமாவாசை தவறாமல் திருவள்ளூர் கோயிலுக்குப் போவார்கள். பெல்ட் போட்டாயிற்று என்று இந்தத் தடவை சந்திரகலாவைச் சிவப்புக் காரில் கூட்டிப்போவதாக ராஜவேலு பெருமையாகச் சொல்லியிருந்தார்.

நைலான் கண்டும் ஊசியும் இன்னும் முந்தானையில்தான் இருந்தன. சாயங்காலம் போகலாமே, மொதலாளி கோபத்தில் இருப்பாரே என்றான் நாகமுத்து. பொன்னேரி பஸ் அதற்குள் அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது. சீட் காலியாக இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனாள்.

ராஜவேலு வீட்டில் இல்லை. சந்திரகலாதான் கிடங்கைத் திறந்துவிட்டாள். கார் திரும்பி வந்திருந்தது. குழாய் மாற்றி இடது சீட்டையும் முடுக்கியாயிற்று, பெல்ட் மடித்துச் சீட்டின்மேல் வைத்திருந்தது. பந்தயத்தில் நடந்ததை அவர் ஒரு மாதிரி சொல்லியிருப்பார். சந்திரகலாவின் முகம் அப்படித்தான் இருந்தது. செங்கம்மாள், அரிசி மூட்டை ஒரு உதறு உதறினதில் தையல் விட்டது இது என்று சொல்லி அந்த நாடாவை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். சந்திரகலா அந்த வட்ட ஓட்டைகளை விரலால் ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"நேத்து காலைல ஓட்டினாரே, அதுவும் இப்பிடித்தான் இருந்துதா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

சந்திரகலா நாடாவைக் கீழே வைத்தாள். பிறகு புடவையைச் செருகிக்கொண்டு சீட்டின் அந்தப் பக்கம் மண்டியிட்டு, நாடா வழுக்காமல் இருக்க மடிப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். செங்கம்மாள் பழைய தையலை அறுத்தாள். கட்டம், பெருக்கல், மேலே ஒரு வரிசை. அதுவே போதும். அதன் மேல் இன்னொரு வரிசை தேவையில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

ஊசியைத் திரும்பக் கோத்தாள்.